குண்டு விழுந்த ஊரில் குட்டி டாங்கிகள்: ஷிஸுவோகா போய் வந்த கதை

பட்டாசு என்றால் சிவகாசி. பூட்டு என்றால் திண்டுக்கல். பனியன் என்றால் திருப்பூர். தொழிலைச் சொன்னாலே ஊர்ப் பெயரும் கூடவே வந்துவிடும். ஜப்பானில் பிளாஸ்டிக் மாடல் என்றால் ஷிஸுவோகா.

கப்பல், விமானம், கார், ரோபோ, ராணுவ டாங்கி என்று எல்லாவற்றையும் துண்டு துண்டாக ஒரு பெட்டியில் போட்டு, 'வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள்' என்று விற்கிறார்களே, அந்த மாடல் கிட்களைத்தான் சொல்கிறேன். ஜப்பானில் தயாராகும் கிட்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்தப் பகுதியிலிருந்துதான் வருகின்றன என்கிறது அந்த ஊர் நகராட்சி. டாமியா, ஹசெகாவா, அயோஷிமா, பண்டாய் என்று மாடல் பிரியர்கள் மனப்பாடமாகச் சொல்லும் பெயர்கள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. 'உலக மாடல் தலைநகரம்' என்று ஊர் தன்னைச் சொல்லிக்கொள்கிறது.

"பொம்மை பார்க்கவா அவ்வளவு தூரம் போகிறாய்?" என்று வீட்டில் கேட்டார்கள். பெரியம்மா மகன் டோக்கியோவில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போகிற சாக்கில் மூன்று நாள் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால், என் மனதில் வேறொரு கேள்வி இருந்தது. ஷிஸுவோகா 1945-ல் குண்டுவீச்சில் எரிந்த ஊர். அந்த ஊர்க்காரர்கள் எப்படி டாங்கி மாடல் செய்து உலகத்துக்கே விற்கிறார்கள்? அதுவும் பழங்காலத்து டாங்கி மட்டுமல்ல, இன்றைக்குச் செய்தியில் வருகிற டாங்கிகளையும்!

வலது பக்கம் சீட் பிடி!

டோக்கியோவிலிருந்து ஷிஸுவோகா ஏறத்தாழ 180 கிலோமீட்டர். ஷின்கான்சென் புல்லட் ரயிலில் 'ஹிகாரி' வண்டி என்றால் ஒரு மணி நேரம், 'கோடாமா' என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். அதிவேக 'நோஸோமி' இங்கே நிற்காது.

"டேய், வலது பக்கம் ஜன்னல் சீட்டைப் பிடி. ஃபுஜி மலை தெரியும்" என்றான் அண்ணன். தெரிந்தது. பெட்டியில் இருந்த பாதிப் பேர் போனைத் தூக்கினார்கள். அதற்கப்புறம் தேயிலைத் தோட்டங்கள். ஜப்பானின் பெயர்பெற்ற பச்சைத் தேநீர் மண் இது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் ஊர்.

ஊருக்குள் நடந்தால் விளையாட்டாக ஒன்று கண்ணில் படும். மாடல் கிட்டில் உதிரி பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் அல்லவா? அதே மாதிரி ஆள் உயரச் சட்டம் வைத்து, அதற்குள் பாகங்களோடு நிஜத் தபால் பெட்டியையே நிறுத்தியிருக்கிறார்கள். பொதுத் தொலைபேசிக் கூண்டும் அதே பாணியில் ஒன்று உண்டு. 'வெட்டி எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள்' என்று ஊரே சிரிப்பது போல இருக்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுக்காமல் யாரும் போவதில்லை.

மரம் அறுத்த கைகள்

மாடல் தொழில் ஏன் இந்த ஊரில் வேர்விட்டது? பதில் நானூறு வருஷம் பின்னால் போகிறது.

ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த டோகுகாவா இயேயாஸு, 1607-ல் இங்குள்ள சுன்பு கோட்டைக்கு வந்து தங்கினார். 1616-ல் இறக்கும்வரை இதுதான் அவருடைய இடம். கோட்டை கட்டவும், பிறகு கோயில்கள் கட்டவும் நாடெங்கிலுமிருந்து தச்சர்கள், அரக்குப் பூச்சு வேலைக்காரர்கள், செதுக்குவோர் வந்தார்கள். வேலை முடிந்தும் பலர் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். மலையில் மரமும் இருந்தது. மேஜை, அலமாரி, பொம்மை, அரக்குப் பாத்திரம் என்று மர வேலை ஊரின் தொழிலாகிவிட்டது. மர மாடல்கள் அங்கிருந்து வந்தன. அயோஷிமாவை 1924-ல் தொடங்கியவர் ஒரு விமானி. ஹசெகாவா 1941-ல் வந்தது.

இப்போது டாமியாவின் கதை. போர் முடிந்த மறு வருஷம், 1946-ல், யோஷியோ டாமியா என்பவர் இங்கே மரம் அறுக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கினார். பக்கத் தொழிலாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கான மர மாடல்கள். 1951-ல் தீப்பிடித்து ஆலை போனது. அதன்பின் மர வியாபாரத்தை விட்டுவிட்டு, 1953 முதல் மாடலே முழுத் தொழில்.

அதுவும் நிலைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பிளாஸ்டிக் மாடல்கள் வந்து இறங்கின. மரத்தில் செதுக்கித் தேய்க்க வேண்டியதெல்லாம் பிளாஸ்டிக்கில் அச்சாகவே வந்துவிடும். மர மாடல் வாங்க ஆளில்லை. டாமியா 1960-ல் 'யமாடோ' போர்க்கப்பலைத் தன் முதல் பிளாஸ்டிக் மாடலாகக் கொண்டுவந்தது. போட்டிக் கம்பெனியும் அதே கப்பலைக் குறைந்த விலையில் இறக்க, முதல் முயற்சியே படுத்துவிட்டது.

கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது 1960-களின் தொடக்கத்தில் வந்த ஒரு டாங்கி. ஜெர்மனியின் 'பேந்தர்'. மோட்டார் வைத்து ஓடும் மாடல். பெட்டியின் மேல் படம் வரைந்தவர் அப்போது பெயர்பெற்றிருந்த ஓவியர் ஷிகேரு கோமட்சுஸாகி. பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் வருகிறது. உலகம் முழுக்க ராணுவ வாகன மாடல்களுக்கு 1/35 என்பது ஒரு பொது அளவு. அதாவது நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. 30 இல்லை, 40 இல்லை, ஏன் 35? பின்னாளில் நிறுவனத்தை உலகப் பெயராக்கிய மகன் ஷுன்ஸாகு டாமியாவே இதை எழுதியிருக்கிறார். பேந்தருக்குள் இரண்டு பேட்டரி அடங்க வேண்டும். அதற்குத் தகுந்த பருமனில் டாங்கியைச் செய்தார்கள். அது விற்றுத் தீர்ந்ததும், 'இதே அளவில் இன்னும் டாங்கிகள் போடலாமே' என்று அளந்து பார்த்தால், ஏறத்தாழ 1/35 வந்தது! பேட்டரி தீர்மானித்த அளவை இன்று பல நாட்டுக் கம்பெனிகள் பின்பற்றுகின்றன.

அந்த ஷுன்ஸாகு லேசுப்பட்ட ஆள் இல்லை. போர்ஷே கார் மாடல் செய்வதற்காக நிஜ போர்ஷே 911 ஒன்றை வாங்கிவந்து, பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தவர். டாங்கிகளைப் படமெடுத்து அளவெடுக்க வெளிநாட்டு ராணுவ அருங்காட்சியகங்களுக்குப் போனவர். 2025 ஜூலையில் 90 வயதில் காலமானார்.

உள்ளங்கையில் 44 டன்

ஒவ்வொரு மே மாதமும் ஷிஸுவோகா ஹாபி ஷோ நடக்கிறது. இடம், 'ட்வின் மெஸ்ஸே' கண்காட்சி அரங்கு. முதல் நாள்கள் வியாபாரிகளுக்கு. வார இறுதி பொதுமக்களுக்கு. கம்பெனிகளின் புது வரவுகள் ஒரு பக்கம் இருந்தாலும், எனக்குப் பிடித்தது இன்னொரு பக்கம்தான். நாடெங்கிலுமிருந்து, வெளிநாடுகளிலிருந்தும் வரும் மாடல் கிளப்புகள் நூற்றுக்கணக்கில் மேஜை போட்டு, தாங்கள் செய்ததைப் பரப்பி வைக்கிறார்கள். விற்பனை இல்லை. பார்க்கலாம், பேசலாம்.

தாத்தா, பேரன், கல்லூரிப் பெண்கள், பெட்டி தூக்கிய அப்பாக்கள், 'இன்னும் எத்தனை மேஜை இருக்கு?' என்று முகத்திலேயே கேட்கும் அம்மாக்கள். நம்மூர்ப் புத்தகக் கண்காட்சிக் கூட்டம் மாதிரியேதான்.

இன்றைய ராணுவ வாகனங்களுக்கென்று இருந்த ஒரு மேஜையில் நின்றேன். எல்லாம் 1/72 அளவு. 1/35-ஐ விடப் பாதிக்கும் சிறிது. ஜப்பான் தரைப்படையின் 'டைப் 10' டாங்கி நிஜத்தில் 44 டன் எடை, பீரங்கிக் குழலோடு 9.4 மீட்டர் நீளம். 1/35-ல் அது 27 சென்டிமீட்டர். 1/72-ல் 13 சென்டிமீட்டர். கையில் இருக்கும் போனைவிடச் சிறிது. ஐந்தே முக்கால் அடி மனிதன் 1/72-ல் 2.4 சென்டிமீட்டர்தான்.

மேஜைக்காரர் எழுபதைத் தொடும் பெரியவர். நான் குனிந்து பார்ப்பதைப் பார்த்து, பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்து நீட்டினார். அண்ணன் மொழிபெயர்க்க, பேச்சு தொடங்கியது.

"இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், நிஜ வண்டியில் ஏழு சென்டிமீட்டர் பிசகியதற்குச் சமம்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7.2. சரிதான்.

செய்முறையை அவர் விளக்கியது இப்படி.

முதலில் பாகங்களைச் சட்டத்திலிருந்து கூர்மையான நிப்பரால் வெட்டி எடுக்க வேண்டும். ஒட்ட வெட்டக் கூடாது. கொஞ்சம் விட்டு வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு விழும். அதையும் சுரண்டி எடுக்க வேண்டும். நிஜ வண்டியில் அந்தக் கோடு கிடையாதே!

ஒட்டும் திரவம் நம் ஃபெவிகால் மாதிரி இல்லை, தண்ணீர் போல இருக்கும். இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகையால் ஒரு சொட்டுத் தொட்டால் போதும். அதுவே உள்ளே ஓடிப் பரவி, பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். காய்ந்தபின் பிரிக்க முடியாது. அதனால் முதலில் ஒட்டாமல் பொருத்திப் பார்ப்பது கட்டாயம். ஜன்னலைத் திறந்துவைப்பதும் கட்டாயம், நெடி அப்படி.

அடுத்து பிரைமர். சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு அடித்ததும், அதுவரை கண்ணுக்குத் தெரியாத கீறலெல்லாம் வெளியே வரும். மறுபடி உப்புத்தாள். பிறகுதான் நிறம். ஜப்பான் தரைப்படை வண்டிகளுக்குக் கரும்பச்சையும் பழுப்பும். இந்த இரண்டு நிறத்தையும் டாமியா தனித்தனிக் குப்பியாகவே விற்கிறது, எக்ஸ்எஃப்-73, எக்ஸ்எஃப்-72 என்று. ஏர் பிரஷ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நல்ல தூரிகையில், மெல்லிய பூச்சாக, காயவிட்டுக் காயவிட்டு அடிக்கலாம்.

"நிறத்தை அப்படியே அடித்தால் மாடல் கறுத்துப் போய்விடும்" என்றார் பெரியவர். நிஜ வண்டியைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது நடுவில் இருக்கும் காற்றும் வெளிச்சமும் நிறத்தை வெளிறச் செய்கின்றன. மாடலுக்கு அந்தத் தூரம் இல்லை. அதனால் வெளிர் நிறம் ஒரு சொட்டுக் கலக்க வேண்டும். வண்டி சிறிதாக ஆக, கலக்குவதும் கூடும்.

அதற்கப்புறம் தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் எண்கள், சின்னங்கள். கடைசியாக அழுக்கு. பழைய டாங்கி என்றால் துரு, கீறல் என்று இஷ்டத்துக்கு விளையாடலாம். இன்றைய வண்டிகளில் முடியாது. அவற்றைப் பராமரிக்கிறார்கள், கழுவுகிறார்கள். எனவே யோசித்து அழுக்காக்க வேண்டும். வீரர்கள் கால் வைத்து ஏறும் இடத்தில் பெயின்ட் தேய்ந்திருக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சேறு காய்ந்திருக்கும். டீசல் மூடியருகே கறை இருக்கும். இணுக்குகளில் மெல்லிய கறுப்பு ஓடவிட்டால் மூடி, திருகு எல்லாம் எழும்பித் தெரியும்.

"அழுக்கு எங்கே சேரும் என்று தெரிய வேண்டுமென்றால், அந்த வண்டியில் ஆள் எப்படி ஏறுகிறான், எங்கே உட்காருகிறான் என்று தெரிய வேண்டும்" என்றார்.

அவர் மேஜையில் டாங்கிகள் இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் டிரக். தண்ணீர் வண்டி, சாமான் வண்டி. ஏன் என்று கேட்டேன். 2011 மார்ச் 11 சுனாமியின்போது இவருடைய தங்கை வட கிழக்குக் கரையில் இருந்தாராம். வீடு போய்விட்டது. ஆள் தப்பித்தார். அப்போது நிவாரண வேலையில் ஒரு லட்சம் ராணுவத்தினர் இறக்கப்பட்டார்கள். "தங்கை இருந்த முகாமுக்குத் தண்ணீர் கொண்டுவந்த வண்டியை அவள் மறக்கவில்லை. அதைச் செய்து கொடுத்தேன். டி.வி. பக்கத்தில் வைத்திருக்கிறாள்."

போனைத் தலைகீழாகப் பிடியுங்கள்

பக்கத்து மேஜையில் ஒரு பெண்மணி, தான் செய்த எட்டுச் சக்கர 'டைப் 16' வண்டியைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். போன் தலைகீழாக இருந்தது! சிரித்துவிட்டு நானும் என் போனைத் திருப்பிப் பார்த்தேன். காரணம் உடனே புரிந்தது.

நாம் சாதாரணமாகப் படம் எடுப்பது மேலிருந்து. மேலிருந்து பார்த்தால் எதுவும் பொம்மைதான். நிஜ டாங்கியை யாரும் கட்டடத்தின் மேலேறிப் பார்ப்பதில்லை, தரையில் நின்று நிமிர்ந்து பார்க்கிறோம். 1/72 மனிதனின் கண் தரையிலிருந்து இரண்டேகால் சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். போனைத் தலைகீழாக மேஜையில் ஊன்றினால், லென்ஸ் கிட்டத்தட்ட அந்த உயரத்துக்கு வந்துவிடும். உள்ளங்கை அளவு வண்டி சட்டென்று நம் தலைக்கு மேல் எழுந்து நிற்கும்.

அவர் சொன்ன மற்றவை, வீட்டிலிருக்கும் எந்தச் சின்னப் பொருளைப் படமெடுக்கவும் உதவும்:

- ரொம்பக் கிட்டே போகாதீர்கள். கிட்டே போனால் முன்பக்கம் மட்டும் தெளிவாகி, பின்பக்கம் மங்கிவிடும். மங்கினாலே 'இது குட்டிப் பொருள்' என்று கண் கண்டுபிடித்துவிடும். கொஞ்சம் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் செய்யுங்கள்.
- கேமரா என்றால் ட்ரைபாடில் வைத்து, அபெர்ச்சர் எண்ணை 16 போல ஏற்றி, மெதுவான ஷட்டரில் எடுங்கள்.
- பின்னணிக்கு வெளிர் நீல அல்லது சாம்பல் சார்ட் பேப்பர். மடிக்காமல், வளைத்துச் சுவரில் சாய்த்தால் தரையும் வானமும் சேரும் கோடு தெரியாது.
- இரண்டு மேஜை விளக்குகள் போதும். முன்னால் டிரேசிங் பேப்பர் கட்டினால் வெளிச்சம் மென்மையாகும். அல்லது மொட்டைமாடிக் காலை வெயில். அதைவிட நல்ல விளக்கு கிடையாது.
- எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய தூசி, கைரேகை, ஒட்டுக் கறை எல்லாம் தெரியும். பலரும் படத்தைப் பார்த்துத்தான் மாடலைத் திருத்துகிறார்கள்.

கேட்டுவிட்டேன்

இரண்டாம் நாள் மாலை, மனதிலிருந்த கேள்வியைப் பெரியவரிடம் கேட்டுவிட்டேன். "இவை கொல்வதற்கான வண்டிகள்தானே? இதை இவ்வளவு அழகாகச் செய்வது உங்களுக்கு உறுத்தவில்லையா?"

மொழிபெயர்ப்பதற்கு முன் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கேட்டான்.

பெரியவர் கோபப்படவில்லை. அவருடைய கிளப்பைச் சேர்ந்த ஓர் இளைஞரைக் கைகாட்டினார். "இவனைக் கேளுங்கள். எங்களுக்குள்ளேயே இந்தச் சண்டை இருக்கிறது."

அந்த இளைஞருக்கு ஜெர்மனியின் 'லெப்பர்ட் 2' டாங்கி என்றால் உயிர். வருஷக்கணக்கில் அதைத்தான் செய்துவந்தாராம், எரிந்து கிடப்பது போலவும் கூட. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியது. 2023-ல் லெப்பர்ட் 2 அங்கே போனது. எரிந்த வண்டிகளின் படங்கள் அவருடைய போனுக்கே வர ஆரம்பித்தன.

"முன்பு நான் அந்தக் கறுப்பை எப்படிக் கொண்டுவருவது என்று மட்டும்தான் யோசிப்பேன். உள்ளே நாலு பேர் உட்காரும் வண்டி அது. ஒவ்வொருவர் சீட்டும் எங்கே என்று எனக்குத் தெரியும், நானே ஒட்டியிருக்கிறேன். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு முடியவில்லை" என்றார். இப்போது நடக்கும் போரின் எரிந்த வண்டிகளை அவர் செய்வதில்லை. லெப்பர்ட் செய்கிறார். பயிற்சி மைதானத்துச் சேற்றோடு நிறுத்திக்கொள்கிறார்.

"நிறுத்த வேண்டியதில்லை, நடந்ததைக் காட்டுவதும் தேவைதான் என்று சொல்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள்" என்றார் பெரியவர். "நான் அவர்களோடும் டீ குடிப்பேன்." பிறகு எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். "நாளைக்கு செங்கென் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மலைக்குப் போங்கள்."

மலை மேல் இரண்டு நினைவிடங்கள்

ஷிஸுவோகா செங்கென் கோயில், ஊரின் வடக்கே ஷிஸுஹாடா மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அரக்குப் பூச்சும் தங்கமும் மரச் செதுக்கலுமாக மின்னுகிறது. இந்த மாதிரி வேலைக்கு வந்தவர்கள்தான் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். பக்கவாட்டில் செங்குத்தான கல் படிகள். ஏறினால் காட்டுப் பாதை. மூச்சு வாங்கியது. அண்ணன் இரண்டு தடவை உட்கார்ந்தான்.

உச்சியில் ஊர் முழுவதும் தெரியும். 1945 ஜூன் 19 இரவு தாண்டி, 20 அதிகாலையில், நூற்றுக்கும் மேற்பட்ட பி-29 விமானங்கள் இந்த ஊர்மேல் தீக்குண்டுகளைக் கொட்டின. மர வீடுகள். தச்சர்களின் ஊர். எப்படி எரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இறந்தார்கள்.

அன்றைக்கு இரண்டு பி-29 விமானங்கள் நடுவானில் ஒன்றோடொன்று மோதி விழுந்தன. அவற்றிலிருந்த 23 அமெரிக்க வீரர்களும் இறந்தார்கள். ஊர் எரிந்து முடியாத அந்த நேரத்தில், ஃபுகுமட்சு இட்டோ என்ற உள்ளூர்க்காரர் அந்த வீரர்களின் உடல்களையும் தேடி எடுத்து, ஊர்க்காரர்களோடு சேர்த்து அடக்கம் செய்தார். தங்களைக் கொளுத்திய எதிரிகள் அவர்கள். அக்கம்பக்கத்தில் அவரை என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மலை உச்சியில் இறந்த மக்களுக்கு அவர் நினைவிடம் எழுப்பினார். அந்த 23 பேருக்கும் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. விமானச் சிதைவில் கிடைத்த, கருகிப்போன ஒரு தண்ணீர்க் குப்பியை அவர் எடுத்துவைத்திருந்தார். ஒவ்வொரு ஜூனிலும் ஜப்பானியர்களும் அமெரிக்கர்களும் இந்த மலையில் கூடுகிறார்கள். அந்தக் குப்பியிலிருந்து அமெரிக்க விஸ்கியை நினைவுக்கல்லின் மேல் ஊற்றுகிறார்கள். நம்மூரில் செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போனபோது யாரும் இல்லை. யாரோ வைத்துவிட்டுப் போன பூ இரண்டு கற்களின் முன்னாலும் இருந்தது.

கீழே ஊரில் பி-29 மாடலும் விற்கிறது. அதை வாங்கி, இரவெல்லாம் உட்கார்ந்து இறக்கையை ஒட்டுகிறவர்களும் இந்த ஊரில் இருப்பார்கள். விமானி எங்கே உட்காருவான், சுடுகிறவன் எங்கே இருப்பான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். 'ஆள் எப்படி ஏறுகிறான், எங்கே உட்காருகிறான் என்று தெரிய வேண்டும்' என்று பெரியவர் அழுக்கைப் பற்றித்தான் சொன்னார். மலையிலிருந்து இறங்கும்போது எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. என் கேள்விக்கு முழுப் பதில் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். டாங்கியை வெறும் இரும்பாகப் பார்க்க இனி என்னால் முடியாது. அதைக் கற்றுக்கொடுத்தவர்கள், அதைச் செய்கிறவர்கள்தான்.

போக விரும்புகிறவர்களுக்கு

எப்போது: ஹாபி ஷோ மே மாதம். பொதுமக்களுக்கான நாள்களுக்கு முன்பதிவு கேட்பது உண்டு. கிளம்பும் முன் அந்த வருஷத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் ஊரில் ஹோட்டல் அறை கிடைப்பது சிரமம்.

எப்படி: டோக்கியோவிலிருந்து ஹிகாரி அல்லது கோடாமா. காலையில் போய் இரவு திரும்பலாம். ஒரு ராத்திரி தங்கினால் மலைக்கும் நேரம் கிடைக்கும்.

சாப்பாடு: ஷிஸுவோகாவின் 'ஓடென்' பிரபலம். கறுத்த குழம்பில் வெந்த முட்டை, முள்ளங்கி, மீன் பலகாரங்களைக் குச்சியில் செருகி, மேலே மீன் தூளும் கடல்பாசித் தூளும் தூவித் தருவார்கள். குழம்பில் மாட்டிறைச்சிச் சாறும் இருக்கும். சாப்பிடாதவர்கள் பச்சைத் தேநீரோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவே போதும், அவ்வளவு நன்றாக இருக்கிறது.

வாங்குகிறீர்களா: முதல் மாடல் என்றால் பாகம் குறைந்த கிட்டாகப் பாருங்கள். 1/72 சிறிது என்பதால் சுலபம் என்று நினைக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகளின் கைக்கு 1/35 தான் வசதி. ஒட்டும் திரவம், பெயின்ட், தின்னர் எல்லாம் தீப்பிடிக்கக் கூடியவை. விமானத்தில் அவற்றை அனுமதிக்க மாட்டார்கள். கிட்டை மட்டும் கொண்டுவந்து, மற்றதை இங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

மலைக்கு: செங்கென் கோயில் படிகள் செங்குத்து. வீட்டுப் பெரியவர்களோடு போனால் காலை வெயில் ஏறுவதற்குள் ஏறிவிடுங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பூவும். இரண்டு கற்களுக்கும் ஆகும்படி.